வெள்ளைப் பூ வந்த பிறகு

முப்பது வயதைத் தாண்டிய என் மகள் மறுபடியும் கல்லூரிக்குப் போகலாமா என்று கேட்டபோது நான் நாற்றங்காலில் குனிந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் வரப்பில் செருப்போடு நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு வா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சொல்லிவிட்டாள்.

"தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு காலேஜ்லம்மா. வக்கீல் படிப்பும் பிசினஸ் படிப்பும் சேர்ந்தது. எல்.எல்.பி.யும் எம்.பி.ஏ.வும் ஒண்ணா. நாலு வருசம்."

"ரெண்டு எதுக்குடி? ஒண்ணு பத்தாதா?"

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"யோசிச்சு முடிச்சுட்டு வந்து சொல்லு. இப்ப அந்தச் செருப்பைக் கழட்டு."

அவள் யோசித்து முடிக்கவில்லை. மேட்டூரில் விட்ட தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்து, குறுவை நாற்று நடவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஆனாலும் வீட்டில் அந்த ஒரே பேச்சுதான். காலையில் எழுந்ததும் "போறேம்மா" என்பாள். பல் விளக்கிவிட்டு வருவதற்குள் "சட்டம் மட்டும் படிச்சாப் போதும், மூணு வருசத்துல முடிஞ்சுடும்" என்பாள். சாப்பிட உட்காரும்போது "எதுவுமே வேணாம், இருக்கிற வேலையைப் பாப்போம்" என்பாள். நான் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பேச்சுக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்பேன்.

இருக்கிற வேலை என்று அவள் சொன்னது எங்கள் கம்பெனி வேலையை. எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு நெல் கம்பெனி நடத்துகிறோம். அவரவர் வயலில் விளைந்த தூயமல்லியையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் ஒன்றாகச் சேர்த்து, அரைத்து, பையில் போட்டு விற்கிறோம். சும்மா பெயருக்குக் கம்பெனி இல்லை, பதிவு செய்த கம்பெனி. அதற்கு நான்தான் தலைவர். என்னைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் கடைசிவரை அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். நான் என் வயலில் நிற்கிறேன். தலைவர் என்று அச்சடித்த அட்டை என் பையில் இருக்கிறது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். என் பெயரை அழகாக எழுதுவேன். மற்றதையெல்லாம் மகள் பார்த்துக்கொண்டாள். அவள் பி.காம். படித்தவள், கம்பெனிக்கு மேனேஜர். அவள் புருஷனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. வருசத்துக்கு ஒரு தடவை வந்துபோவார். அதனால் அவள் என்னோடுதான் இருந்தாள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எந்தத் தாள் வந்தாலும் அவள் வாசித்துச் சொல்வாள், நான் கையெழுத்துப் போடுவேன்.

இந்தப் படிப்பு ஆசை அவளுக்கு வந்ததற்கும் ஒரு தாள்தான் காரணம். சென்னையில் ஒரு கடைக்காரர் எங்கள் அரிசியை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டார். முழுக்க இங்கிலீஷ். மகள் வாசித்தாள். அவளுக்குப் புரிந்தவரை நல்ல ஒப்பந்தம்தான். லாரி ஏற்றி அனுப்பினோம். நாங்கள் அரிசியில் மருந்து வைக்கிறதில்லை, வைக்காத அரிசி நாள்பட்டால் வண்டு பிடிக்கும். இதை எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்தக் கடைக்காரர் மூட்டைகளைக் குடோனில் போட்டு மறந்துவிட்டு, மழைக்காலம் முடிந்த பிறகு பிரித்துப் பார்த்திருக்கிறார். வண்டு. அத்தனை மூட்டையையும் திருப்பி அனுப்பிவிட்டார். லாரி வாடகையும் எங்கள் தலையில். கேட்டால், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது, வழக்குப் போடுவதென்றால் சென்னைக் கோர்ட்டில்தான் போட வேண்டும், அதுவும் அதிலேயே இருக்கிறது என்றார்.

நானும் மகளும் ஒரு வக்கீலைப் பார்க்கக் கும்பகோணத்துக்குப் போனோம். வக்கீல் மரியாதையானவர், உட்காரச் சொன்னார். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பாதி ஸ்டாக்கு, ரிட்டர்னு, ஜி.எஸ்.டி. விவகாரம்மா. முதல்ல ஆடிட்டரைப் பாருங்க" என்றார். ஆடிட்டர் இரண்டு தெரு தள்ளி. அவரும் மரியாதையானவர், மோர்கூடக் கொடுத்தார். "இது ஒப்பந்தச் சட்டம். வக்கீலைத்தான் பாக்கணும்" என்றார். வெயிலில் அந்த இரண்டு தெருவுக்கும் நடுவில் நாங்கள் நடந்த நடை இருக்கிறதே! கடைசியில் வக்கீல், சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வரும் பேருந்தில் என் மகள் அந்தத் தாளையே புரட்டிக்கொண்டு வந்தாள். திருவிடைமருதூர்த் தேரடியைத் தாண்டும்போது, "ரெண்டு பேருமே நல்லவங்கதாம்மா" என்றாள். அதற்கு அப்போது எனக்கு அர்த்தம் விளங்கவில்லை.

படிப்புப் பேச்சு வந்த பிறகுதான் விளக்கினாள். "வக்கீலுக்கு மட்டும் படிச்சா நானும் நாளைக்கு ஆடிட்டரைப் போய்ப் பாருங்கன்னுதான் சொல்லுவேன். பிசினஸ் மட்டும் படிச்சா வக்கீலைப் பாருங்கம்பேன். நடுவுல நடக்கிறவங்களுக்கு யாரும்மா இருக்கா?"

"நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள உனக்கே தலை நரைச்சுடும்."

"அந்தப் பயமும் இருக்கு. கூட உக்காரப்போறதெல்லாம் சின்னப் புள்ளைங்க. என்னை அக்கான்னு கூப்புடுமா, ஆன்ட்டின்னு கூப்புடுமா தெரியல."

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டு வந்தாள். ஆனி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்துவிட்டு வந்தவள் அன்று சாயங்காலமே மறுபடி குழம்பினாள். சிங்கப்பூருக்குப் போன் போட்டாள். மாப்பிள்ளை நல்ல மனுசன், அதுதான் தொல்லை. "உனக்கு எது சரின்னு படுதோ செய்ம்மா" என்றார். போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள். போ என்றிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பாள். இரண்டும் இல்லை. போனை வைத்துவிட்டு வந்து, காய்ந்துபோன துணியை மறுபடி நனைத்துக் கொடியில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு மட்டும் நிம்மதியா? நடவுக்கு ஆள் சொல்லப் போவேன், பாதித் தெருவில் எதற்கு வந்தோம் என்று மறந்துவிடும். மடையைத் திறந்துவிட்டு அடைக்க மறந்துவிடுவேன். பக்கத்து வயல்காரர், "என்னங்க, என் வயலையும் சேத்துப் பாய்ச்சுறீங்களா, புண்ணியமாப் போவும்" என்று கேலி பேசினார். இவள் போய்விட்டால் தாளை யார் வாசிப்பது என்ற எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே சொல்லவில்லை. சொல்வேனா நான்?

அப்போதுதான் பூ கேட்கலாம் என்றேன். கேட்டவர்களுக்குத் தெரியும். ஒரு காரியம் செய்யலாமா வேண்டாமா என்று புத்தி தடுமாறும்போது, அம்மன் கோயிலில் சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனியாக வாழை இலையில் பொதிந்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். சூடம் காட்டிய பிறகு, விஷயம் தெரியாத ஒருவரை ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். ஒரு நிறம் உத்தரவு, ஒரு நிறம் தடை. பெரிய காரியம் எதுவானாலும் நான் குத்தாலம் பக்கத்தில் நான் பிறந்த ஊர் அம்மனிடம் போய்த்தான் பூ கேட்டிருக்கிறேன். வயல் வாங்கியதும் அப்படித்தான், கம்பெனி தொடங்கியதும் அப்படித்தான். இந்தத் தடவை நடவை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக முடியவில்லை. உள்ளூர் அம்மனும் அம்மன்தானே என்று நினைத்தேன்.

மகள் உடனே சரி என்றாள். எனக்கே ஆச்சரியம். "யோசிச்சு யோசிச்சு மூளை களைச்சுப்போச்சும்மா. யாராவது சொல்லட்டும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். எங்கள் ஊர்ப் பூசாரி என் வீட்டுக்காரருக்குப் பங்காளி, எனக்குக் கொழுந்தன் முறை. செவ்வரளியும் நந்தியாவட்டையும் பொதிந்து வைத்தார். என்ன காரியம் என்று அவர் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. "மனசுல நினைச்சுக்குங்க" என்றார். போகலாமா தாயே என்று நான் கேட்டேன். அவளும் அதையேதான் கேட்டாள் என்று பிறகு சொன்னாள். விளக்குப் போட வந்திருந்த அடுத்த தெருப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பிரித்தால் வெள்ளை.

எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் இன்னொன்று ஏறிக்கொண்டது. தடை. போக வேண்டாம் என்று அம்மன் சொல்லிவிட்டாள். மகளைத் திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. அந்தப் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். என் பிள்ளைக்கு எவ்வளவு நெஞ்சுரம், தடையைக்கூட மரியாதையாக வாங்கிக்கொள்கிறாளே என்று நினைத்தேன்.

அன்று புதுத் தண்ணீரில் வந்த கெளுத்தி மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அவளுக்குப் பிடிக்கும். நன்றாகச் சாப்பிட்டாள்.

"நீ இவ்வளவு சீக்கிரம் ஏத்துக்குவேன்னு நினைக்கலம்மா" என்றாள்.

"ஏத்துக்காம? கஷ்டமாத்தான் இருக்கு. ஆத்தாவே சொன்னப்புறம் நாம யாரு?"

"ஆமா. சொல்லிட்டா. இனிமே குழப்பமில்ல."

"இன்னொரு துண்டு போட்டுக்க."

அடுத்த சில நாட்கள் வீடு அமைதியாக இருந்தது. அவள் பீரோவைச் சுத்தம் செய்தாள், பழைய துணிகளைப் பிரித்து வைத்தாள். மனசை ஆற்றிக்கொள்கிறாள் என்று நான் குறுக்கே போகவில்லை. எனக்கு மட்டும் எதிலும் கால் தரிக்கவில்லை. ஆசைப்பட்டது நடந்துவிட்டது, ஆனால் உட்கார முடியவில்லை. அவள் முகம் தெளிவாக இருக்க இருக்க எனக்கு உள்ளே அரித்தது.

எங்கள் வயலில் நடவு நடந்த அன்று எல்லாம் உடைந்தது. கம்பெனியில் இன்னொரு டைரக்டராக இருப்பவள் எனக்குப் பக்கத்தில் நின்று நட்டுக்கொண்டிருந்தாள். வாய் ஓயாது அவளுக்கு. கை நாற்றை ஊன்றிக்கொண்டே இருக்க, வாய் கேட்டது:

"ஏன்க்கா, பாப்பா போயிட்டா கணக்கை யாரு பாக்குறது? எங்கிட்டத் தள்ளிறாத. எனக்குப் பேரன் போன்ல கேம் ஆடுறதைத் தவிர ஒண்ணும் தெரியாது."

"யாரு போறா?"

"பாப்பாதான். படிக்க. நேத்து ஆபீஸ்ல சொன்னாளே. ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளாம்ல."

நான் நாற்று முடியைக் கையில் பிடித்தபடியே வயலை விட்டு ஏறிவிட்டேன். நாற்று முடியோடுதான் வீட்டுக்கு வந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. மகள் கூடத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மன் வேணாம்னு சொன்னப்புறம் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கியே, என்ன தைரியம்டி உனக்கு?"

"வேணாம்னு யாரு சொன்னா? வெள்ளைல்ல வந்துச்சு."

"அதான் சொல்றேன், வெள்ளை வந்துச்சு. சிவப்பு வந்தாத்தானே உத்தரவு?"

அவள் எழுந்துவிட்டாள். "யாரு சொன்னா? வெள்ளைதாம்மா உத்தரவு. அப்பாவோட எத்தனை தடவை போயிருக்கேன். வெள்ளை வந்தா நல்லது, சிவப்பு வந்தா நிறுத்து."

"எங்க ஊர்ல சிவப்புதான் உத்தரவு. ஆத்தா கட்டுற புடவை சிவப்பு, வைக்கிற குங்குமம் சிவப்பு. அவ சம்மதம் வெள்ளையிலயா வரும்?"

"இது உங்க ஊரு இல்லம்மா."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊர் மண்ணில்தான் உழைக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரர் பூ கேட்டுவிட்டு வந்தால், "உத்தரவு ஆயிடுச்சு" என்று மட்டும்தான் சொல்வார். என்ன நிறம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லா ஊருக்கும் சிவப்புதான் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு பேரும் பூசாரியிடம் போனோம். அவர் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. "ஏன் அண்ணி, இத்தனை வருசமா இந்த ஊர்ச் சோத்தைத் தின்னுட்டு இது தெரியாதா?"

"நான் தின்னது என் கை உழைச்ச சோறு. உங்க ஊர்ச் சோறு இல்ல. இப்ப மறுபடி பூ வைங்க."

"அதெல்லாம் ஆகாது. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான். அவளை ரெண்டு தடவை கேட்டா நம்பலன்னு ஆயிடும்."

"அப்ப எது கணக்கு?"

"அது உங்க மனசுல உள்ளது. நான் பூ பொதிஞ்சவன். அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து மகள் சிங்கப்பூருக்கு வீடியோவில் பேசினாள். விஷயத்தைக் கேட்டு மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். நான் போனுக்கு முன்னால் போனேன்.

"மாப்ள, கல்யாணம் ஆன பொண்ணுக்குப் புருஷன் ஊரு வழக்கம்தானே? உங்க ஊர்ல எது உத்தரவு, சொல்லுங்க. அதோட முடிஞ்சுது."

"அத்தை, எங்க ஊர்ல பூவே கெடையாது. எங்க அப்பா எதுக்கெடுத்தாலும் பல்லி சத்தத்துக்குத்தான் காது குடுப்பாரு. இங்க இருக்கிற பல்லிக்குத் தமிழ் தெரியுமான்னு தெரியல."

மகள் சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "எந்த ஊர் வழக்கம் செல்லும்கிறதுதான் பிரச்சினை, இல்லம்மா? அந்தச் சென்னைக் கடைக்காரன் தாள்லயும் அதே சண்டைதான். நாம எழுதி வச்சுக்கல, அவன் எழுதி வச்சுக்கிட்டான்."

அதோடு அவள் தளர்ந்துபோனாள். உத்தரவு என்று நம்பி நிமிர்ந்து நின்றவள், பாதி உத்தரவு, பாதி தடை என்றதும் பழையபடி சாய்ந்துவிட்டாள். நான் ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னால் போதும், நின்றுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. என் ஊர் வழக்கம்தான் பெரியது என்று ஒரு சொல். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. உரலில் ஊறிய உளுந்தைப் போட்டுவிட்டு ஆட்டாமலே எழுந்து போனேன். வயலுக்குப் போனால் வீட்டு நினைவு, வீட்டுக்கு வந்தால் அவள் முகம்.

ஆனி கடைசி வாரம். ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்து, "தஞ்சாவூர் போயிட்டு வர்றேம்மா. சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கிட்டு வந்துடுறேன்" என்றாள். வாசல் வரை போய் நின்றேன். பேருந்து திரும்பும் வரை அவள் தலை தெரிந்தது.

அன்றுதானா கம்பெனிக்குப் புது ஆள் வர வேண்டும்? கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் காரில் வந்தார். நல்ல மாதிரியாகப் பேசினார். எங்கள் தூயமல்லியை அள்ளிப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து, "அருமைங்க" என்றார். மாதா மாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எங்கள் பெண்களுக்கு வாயெல்லாம் பல். பிறகு பையிலிருந்து தாளை எடுத்தார். இங்கிலீஷ். கட்டாக இருந்தது.

பேனாவை என் கையில் கொடுத்தார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் தாளைப் பார்த்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அதில் எந்த மூலையில் எந்த ஊர்க் கோர்ட் உட்கார்ந்திருக்கிறதோ?

"போடுக்கா. உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்குமே" என்றாள் அந்த வாய் ஓயாதவள்.

பேனாவை மூடி வைத்தேன். "இதை வாசிக்காம நான் போட மாட்டேன். என் மக வாசிக்கட்டும்."

"பாப்பாதான் தஞ்சாவூர் போயிருக்காளே."

"ஆமா. வக்கீலுக்கும் பிசினஸுக்கும் சேத்துப் படிக்கப் போறா. படிச்சுட்டு வந்து வாசிக்கட்டும்."

ஒருத்தி கேட்டாள்: "ஏன் பெரியம்மா, நாலு வருசமா? அதுவரைக்கும் இந்தத் தம்பி இங்கயே உக்காந்திருக்குமா?"

வந்தவர்கூடச் சிரித்துவிட்டார். "நாலு வருசம் வேணாம்மா, நாலு நாள் கழிச்சு வர்றேன். நிதானமாப் பாத்து வைங்க" என்று தாளை வைத்துவிட்டுப் போனார்.

பெண்கள் கலைந்து போன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. கம்பெனிக் கூட்டத்தில், தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, என் வாயால் சொல்லிவிட்டேன். கூட்டத்தில் சொன்ன சொல்லை நான் ஒரு நாளும் திரும்ப எடுத்தவள் இல்லை. அது இந்த ஊருக்கே தெரியும். ஆனால் அங்கே அவள் சான்றிதழைத் திரும்ப வாங்கியிருப்பாளே! போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஆபீஸ் வாசலுக்கும் களத்துக்கும் நடந்தேன். காயவைத்த நெல்லைக் காலால் கிளறினேன், காய்ந்ததையே மறுபடி கிளறினேன். ஒரு காக்கை என்னைப் பார்த்துப் பயப்படாமல் நெல் தின்றது.

சாயங்காலம் போல அவளே கூப்பிட்டாள். பேருந்துச் சத்தம்.

"எங்கடி இருக்க?"

"பாபநாசம் தாண்டிட்டேம்மா."

"வாங்கிட்டியா?"

"இல்லம்மா."

"ஏன்? குடுக்க மாட்டேனுட்டாங்களா?"

"கவுண்டர்ல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. தாராளமா வாங்கிக்கங்க, ஏன் சேரலைன்னு மட்டும் காரணம் சொல்லுங்கன்னாங்க. சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டாங்க. நான் நின்னேன். வயசாயிடுச்சுன்னு சொல்ல வந்தேன், வாய் வரல. வேலை இருக்குன்னு சொல்ல வந்தேன், அதுவும் வரல. எங்கம்மா ஊர்ல வெள்ளைப் பூ ஆகாதுன்னா சொல்ல முடியும்? எனக்குப் பின்னாடி வரிசை நின்னுச்சு. அப்புறம் வர்றேன்னுட்டு வெளிய வந்து வேப்பமரத்தடியில உக்காந்தேன். மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தேன். ஒரு காரணமும் கெடைக்கல."

நான் போனைக் காதோடு பிடித்துக்கொண்டு களத்து ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அப்புறம் உள்ள போயி, சேந்துட்டேம்மா. ரெண்டுக்கும் சேத்துதான். திட்டுறதா இருந்தா வீட்டுக்கு வந்தப்புறம் திட்டு. இங்க பக்கத்துல ஆளு இருக்கு."

கூட்டத்தில் நான் சொன்னதை அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்லித்தான் போனாள் என்று ஆகிவிடக் கூடாது. அவள் காரணம் அவளுடையது, என் வாய்ச்சொல் என்னுடையது. "வர்றப்ப கும்பகோணத்துல எறங்கி வெத்தலை வாங்கிட்டு வா" என்று மட்டும் சொன்னேன். ஊருக்குள் நுழைவதற்குள் அந்த வாய் ஓயாதவள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டாள் என்பது வேறு விஷயம்.

கோயம்புத்தூர்க்காரர் தாளை அவள் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தாள். இரண்டு இடத்தில் கோடு போட்டாள். வண்டு பிடித்த அரிசியை எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பது ஒன்று, எந்த ஊர்க் கோர்ட் என்பது ஒன்று. அவர் கும்பகோணத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார். பேசிப் பேசித் திருச்சியில் வந்து நின்றது. "பாதி வழிம்மா" என்றாள். முழுக்க வாசிக்கக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அவள் விடுதியில் இருக்கிறாள், சனி ஞாயிறு வருகிறாள். வகுப்பில் அவளை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்களாம், அதில் கொஞ்சம் வருத்தம். கணக்கை ஒரு புதுப் பெண் பார்க்கிறாள். தாள் வந்தால் அவளை இரண்டு தடவை உரக்க வாசிக்கச் சொல்கிறேன், எல்லார் முன்னாலும். முதல் நாள் கூச்சமாக இருந்தது. தலைவர் கேட்டால் வாசிக்க வேண்டியதுதானே?

முதல் பரீட்சை முடிந்து வந்தபோது கேட்டேன்: "அந்தச் சென்னைக்காரன் மேல இங்க வழக்குப் போடலாமா? படிச்சியா?"

"படிச்சேம்மா. போட முடியாது. நாம கையெழுத்துப் போட்டது செல்லும். அந்த வக்கீல் சொன்னது சரிதான்."

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் போன?"

"இன்னும் மூணு வருசத்துக்கு மேல இருக்கும்மா."

"சரி, பூவுக்கு எந்த ஊர் வழக்கம்? அதாவது வந்துச்சா பாடத்துல?"

"அது இன்னும் வரல." சிரித்துக்கொண்டே தோசையைப் பிய்த்தாள்.

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு இன்னும் தீரவில்லை. தை மாதம் பிறந்த ஊருக்குப் போய் அம்மனுக்குப் பொங்கல் வைப்பது என் வழக்கம். இந்தத் தையில் புறப்பட்டேன், பேருந்து நிறுத்தம் வரை போனேன். உன் தடையை மீறிப் பெண்ணை அனுப்பிவிட்டேன் என்று சொல்வதா, அது உன் எல்லை இல்லை என்று சொல்வதா? குத்தாலம் பேருந்து வந்து நின்றது. நடத்துனர், "ஏறுறீங்களாம்மா?" என்றார். அடுத்த வண்டியில் வருகிறேன் என்றேன். மாசியும் முடியப்போகிறது. கூடையில் வாங்கி வைத்த புதுப்பானை அப்படியே இருக்கிறது. போக வேண்டும்.